கடைவாய் எஃப்.சி.

பிளாஸ்டரில் வார்த்த ஒரு தாடை, கைபேசியைக் கடித்துப் பிடித்துக்கொண்டு மேசைமேல் நிற்கிறது. எதிரே அண்ணி. வலது கையில் மெழுகுக் கத்தி, இடது கையில் யாரோ ஒரு மனிதரின் மேல்வரிசை. இளஞ்சிவப்பு மெழுகில் பல்லை நட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, நூலளவு தள்ளி வைத்து, மறுபடியும் சாய்த்துப் பார்க்கிறார். திருப்தி வந்ததும் சுண்டுவிரலை நீட்டித் திரையை ஒரு தள்ளு தள்ளுகிறார். அவர் கையிலேயே மெழுகு ஒட்டாத விரல் அது ஒன்றுதான்.

"இவனுக்கு இன்னும் முட்டி ஆறல. இந்த வாரமும் உக்காருடா ராசா, அவசரமே இல்ல," என்கிறார்.

பல்லுக்கு ஏது முட்டி? அந்தப் பேச்சு கைபேசிக்குள் இருக்கும் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரனோடு. அவனுக்குப் போன வாரம் அடிபட்டதிலிருந்து அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை என்று என் அண்ணன் புலம்புகிறார். நான் நம்பவில்லை. அண்ணி சாப்பிடாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

அண்ணியின் தொழில் பல் செட் செய்வது. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்த்து, மெழுகு வைத்து, பல் நட்டு, வேகவைத்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவது அண்ணியின் வேலை. ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே இரண்டு அறை. ஒன்றில் அண்ணி, இன்னொன்றில் மெருகேற்றுகிற மோட்டாரும் அதை ஓட்டுகிற பாலிஷ்காரரும். இது பகல் நேரத்துப் பிழைப்பு. காலை, மாலை, பேருந்து, குளியலறை வாசல் என்று மிச்சமிருக்கும் எல்லா நேரத்திலும் அண்ணி ஒரு கால்பந்து அணியின் மேலாளர்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. அண்ணி வாழ்நாளில் பந்தை உதைத்தது கிடையாது. ஒருமுறை பக்கத்து வீட்டிலிருந்து பந்து சுவர் தாண்டி விழுந்தபோது, அதை எடுத்துத் துணியால் துடைத்து, கையால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தவர் அவர்.

தெரியாதவர்களுக்கு இந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம்வரை எனக்கும் தெரியாது. இணையத்தில் சேர்ந்ததும் உங்களுக்கு ஓர் அணி தருவார்கள். ஆட்டக்காரர்கள் எல்லாம் கணினி பெற்ற பிள்ளைகள். நீங்கள் ஓடவும் வேண்டாம், உதைக்கவும் வேண்டாம். யாரை இறக்குவது, என்ன பயிற்சி கொடுப்பது, யாரை வாங்குவது, யாரை விற்பது என்று முடிவு செய்து ஆணை கொடுத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். குறித்த நேரத்தில் ஆட்டம் தொடங்கும். வரிவரியாக வர்ணனை வரும். ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆணையை மாற்ற முடியாது. ஒரு பிரிவில் எட்டு அணிகள். சீசன் முடிவில் முதலிடம் பிடிக்கிற அணி மேல்பிரிவுக்குப் போகும். மற்றவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அண்ணியை இதில் இழுத்துவிட்டவர் சம்பந்தி. அண்ணியின் மகளை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறோம். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வை சோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிறவர். கல்யாணம் முடிந்து இரண்டு குடும்பமும் என்ன பேசுவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மாலையில், "சும்மாத்தான இருக்கீங்க, ஆளுக்கொரு டீம் ஆரம்பிங்க சம்பந்தி, நேரம் போயிடும்," என்று ஆரம்பித்து வைத்தார். நேரம் போயிற்றோ இல்லையோ, எல்லோருடைய நிம்மதியும் போயிற்று. அவர் அணியின் பெயர் பருந்துப்பார்வை யுனைடெட். அண்ணி சற்றும் யோசிக்காமல் தன் அணிக்குக் கடைவாய் எஃப்.சி. என்று பெயர் வைத்தார்.

ஆட்டக்காரர்களுக்குக் கணினி வைத்த பெயர்கள் ஏதேதோ தேசத்துப் பெயர்கள். முதல் வாரம் அண்ணி எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தார். அப்புறம் விட்டுவிட்டார். "இந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடறதுக்குள்ள அவன் கோல் வாங்கிடுவான்," என்றார். பட்டப்பெயர் போட ஒரு கட்டம் இருக்கிறது. அதில் தன் இஷ்டத்துக்குப் போட்டார். தடுப்பாட்டக்காரர்கள் நால்வரும் கடைவாய்ப்பற்கள். கோல் போடுகிறவன் சிங்கப்பல். ஓரமாக ஓடி ஓடி எதிராளியின் காலை இடறி மஞ்சள் அட்டை வாங்குகிறவன் சொத்தைப்பல். கொள்ளை விலை கொடுத்து வாங்கிய கோல்கீப்பர் தங்கப்பல். தங்கப்பல்லுக்கு மாற்றாக எந்நேரமும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பொடியனுக்குப் பால் பல் என்று பெயர். பெயரெல்லாம் வைத்து முடித்ததும் அண்ணிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஒரு முழு செட் பல் தன் கையில் இருக்கிறது என்றும், அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய டாக்டர் யாரும் இல்லை என்றும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நானும் சேர்ந்தேன். சேராமல் இருந்தால் வீட்டில் யாரும் என்னோடு பேசுவதாக இல்லை. சேர்ந்த அன்றே என்னிடமிருந்த பணத்தையெல்லாம் கொட்டி, முப்பத்துநாலு வயதான ஒரு முன்கள வீரனை வாங்கினேன். படத்தில் ஆள் அம்சமாக இருந்தான். முதல் ஆட்டத்தில் ஏழு கோல் வாங்கினேன். நான் வாங்கிப்போட்ட மகாராஜா பாதி ஆட்டத்திலேயே தொடையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையில் இருந்த மேல்வரிசையும் சேர்ந்து குலுங்கியது.

"பல்லே இல்லாதவங்க வந்தாலும் முதல்ல கேக்கறது முன்பல்லுதான்மா. சிரிச்சா அழகா இருக்கணும்ல. சாப்பிட உக்காந்தாத்தான் தெரியும். கடைவாய் இல்லாம எதை மெல்லுவ? நீ முன்பல்லு மட்டும் வாங்கி வச்சுக்கிட்டு விருந்துக்குப் போயிருக்க."

அன்றிலிருந்து எனக்கு ஓயாத புத்திமதி. கேட்டாலும் வரும், கேட்காவிட்டாலும் வரும்.

"முதல் சீசன் ஒண்ணும் வாங்காத. குடிவந்த அன்னிக்கே யாராவது சோபா வாங்குவாங்களா? எந்த ஜன்னல்ல வெயில் வருதுன்னு பாரு. யாரு ஓடறான், யாரு ஓடற மாதிரி நடிக்கிறான்னு பாரு. அப்புறம் வாங்கு."

"பயிற்சி ஒண்ணே ஒண்ணுதான். தடுக்கறதுன்னா சீசன் பூரா தடுக்கறதுதான். இந்த வாரம் தடுக்கறது, அடுத்த வாரம் பாஸ், அதுக்கடுத்த வாரம் கோலுன்னு மாத்தினா, உங்க அண்ணன் கிடார் கத்துக்கிட்ட கதைதான்."

என் அண்ணன் கிடார் கற்றார். பாதியில் விட்டு நீச்சல் கற்றார். அதையும் விட்டு இப்போது மரவேலை கற்கிறார். வீட்டில் மூன்று காலில் நிற்கும் முக்காலி என்று அவர் சொல்லும் ஒரு பொருள் இருக்கிறது. அது இரண்டு காலில்தான் நிற்கிறது, மூன்றாவது சுவர்.

"எதிராளி போன மேட்ச் என்ன பண்ணான்னு பாக்காம உன் ஆளுங்கள இறக்காத. அவன் இடது பக்கமா வர்றவன்னா, உன்கிட்ட இருக்கறதுலேயே பெரிய முரடன அங்க நிறுத்து. கூட்டம் வராம ஸ்டேடியத்துல நாற்காலி போடாத. தோத்துட்டா சாட்டுல போய்ச் சண்டை போடாத, அடுத்த வாரம் அவன்கிட்டயே ஆள் வாங்க வேண்டி வரும். அப்புறம் முக்கியமா ஒண்ணு. ஆட்டக்காரன் மேல பாசம் வைக்காத. வளத்தியா, வித்தியா, அடுத்தவனை வாங்கினியான்னு போயிட்டே இருக்கணும்."

கடைசிப் புத்திமதியைச் சொல்லும்போது அண்ணி என் முகத்தைப் பார்க்க மாட்டார். விஷயம் இதுதான். போன சீசனில் ஒரு கடைவாய்ப்பல்லை நல்ல விலைக்கு விற்றார். விற்ற மறுநாளிலிருந்து அவன் புது அணியின் ஆட்டங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறார். "அங்க அவனை வலது பக்கம் போட்டிருக்காங்கம்மா, அவனுக்கு அது ஆகவே ஆகாது," என்று என்னிடம் குறைப்படுகிறார். அவன் நம் அணிக்கு எதிராகவே ஒரு கோல் போட்டான். அண்ணி என்ன செய்தார் தெரியுமா? கை தட்டினார்! பாலிஷ்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, "நாம வாங்கினோமா, போட்டோமா?" என்று கேட்டார். அண்ணி அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

அண்ணியோடு வெளியே போவது தனி அனுபவம். யார் சிரித்தாலும் அவர் கண் வாய்க்குத்தான் போகும். ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெரியவர் கைபேசியில் எதையோ பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணி என் கையைக் கிள்ளினார்.

"அது நான் நட்டது. கீழ் வரிசையில ரெண்டாவது பல்லை வேணும்னே கொஞ்சம் சாய்ச்சு வச்சேன். ரொம்ப நேரா இருந்தா பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சிடும்."

"போய்ச் சொல்லுங்களேன் அண்ணி."

"என்னன்னு? ஐயா, உங்க பல்லு என்னுதுன்னா? அடிக்க வந்துடுவாரு!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பேருந்தில் ஏறிய பிறகும் ஜன்னல் வழியே அவரையே பார்த்துக்கொண்டு வந்தார். நன்றி, பாராட்டு, பழக்கூடை எல்லாம் கீழ்த்தளத்து டாக்டருக்குத்தான் போகும். அண்ணி அதைக் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் இந்த சீசனின் கடைசி வாரத்தில் ஒரு பல்லை அரத்தால் தேய்த்துக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னார்.

"எங்க வீட்டுல நான் ரெண்டாவது பொண்ணு. பள்ளிக்கூடத்துல கடைசி வரைக்கும் ரெண்டாவது ரேங்க். இந்த லேபுல ஓனர் இருந்த வரைக்கும் ரெண்டாவது ஆள். இந்த விளையாட்டுலயும் பாரு, மூணு சீசனா ரெண்டாவது. எனக்குக் கோப்பையெல்லாம் வேணாம்மா. அந்தப் பட்டியல்ல மேல முதல் வரி இருக்குல்ல, அதுல ஒரே ஒரு தடவை என் டீம் பேரைப் பாக்கணும்."

"இந்தத் தடவை நீங்கதான் அண்ணி," என்று சொல்லி வைத்தேன். என் அணி கடைசி இடத்தில் இருந்தது. என் வாக்குக்கு என்ன மதிப்பு?

ஆனால் நிலவரம் அப்படித்தான் இருந்தது. பட்டியலில் முதலில் சம்பந்தி, அடுத்து அண்ணி. கடைசி ஆட்டம் இரண்டு பேருக்கும் நடுவே. அண்ணி ஜெயித்தால் முதல் வரி அண்ணிக்கு. சமன் ஆனால்கூடச் சம்பந்திக்கு. அந்த வாரம் முழுக்க இரண்டு வீட்டுக்கும் இடையே தொலைபேசியில் மரியாதை வழிந்தோடியது. "நல்லா இருக்கீங்களா சம்பந்தி?" "உங்க புண்ணியத்துல இருக்கேன் சம்பந்தி. சிங்கப்பல்லுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேன், இப்ப தேவலையா?" நடுவில் மாட்டிக்கொண்ட மகளும் மாப்பிள்ளையும் ஆட்டம் முடியும்வரை எந்தப் பக்கமும் வரமாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை மதியம் ஆட்டம். நானும் அண்ணனும் லேபுக்குப் போய்விட்டோம். அவசர வேலை ஒன்று இருந்ததால் அண்ணி மெழுகும் கையுமாகத்தான் இருந்தார். கைபேசி வழக்கம்போலத் தாடையின் வாயில். பாலிஷ்காரர் மோட்டாரை அணைத்துவிட்டு, முகமெல்லாம் வெள்ளைத் தூளோடு வந்து நின்றார். எங்கள் நால்வருக்கும் இரண்டு நாற்காலிதான். அண்ணன் தன் கையால் செய்த ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். யாரும் அதில் உட்காரவில்லை, அவர் உட்பட.

விளையாட்டில் தமிழும் உண்டு. யார் மொழிபெயர்த்த புண்ணியவானோ, வர்ணனை முழுக்க மேடைப்பேச்சு நடையில் வரும். பட்டப்பெயரை மட்டும் நாம் போட்டபடியே காட்டும். ஆகவே ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்தில் திரையில் இப்படி ஒரு வரி விழுந்தது: "சிங்கப்பல் சீறிப் பாய்ந்தார்! பந்து வலைக்குள் தஞ்சம் புகுந்தது!"

லேப் அதிர்ந்தது. பாலிஷ்காரர் குதித்ததில் அவர்மேல் இருந்த தூள் பறந்து என் அண்ணன் தும்மினார். தும்மி முடிப்பதற்குள் அடுத்த வரி: "கார்னர் உதையைக் கடைவாய்ப்பல் தலையால் முட்டித் தள்ள, அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்கிறது!" இரண்டு கோல்! முதல் பாதிகூட முடியவில்லை! அண்ணி மெழுகுக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் புது ரவிக்கையில் இன்றுவரை இளஞ்சிவப்புக் கை இருக்கிறது.

அப்போது வந்தது மூன்றாவது வரி.

"கடைவாய் எஃப்.சி.யின் மேலாளர் துணிச்சலான முடிவு எடுக்கிறார். கோல்கீப்பர் தங்கப்பல் வெளியேற, பால் பல் களம் காண்கிறார்."

"என்னது?" என்றேன்.

அண்ணியின் முகம் பிளாஸ்டர் நிறத்துக்கு வந்தது. "ஐயோ," என்றார். "ஐயய்யோ. நிமிஷம் போடலையே!"

விஷயம் இதுதான். ஆட்டத்துக்கு முன்பே நிபந்தனையோடு ஆணை கொடுத்து வைக்கலாம். இன்னது நடந்தால் இன்னாரை மாற்று, இந்த நிமிஷத்துக்கு மேல் மாற்று என்று. அண்ணி முந்தின நாள் உட்கார்ந்து, இரண்டு கோல் முன்னிலை வந்துவிட்டால் தங்கப்பல்லை எடுத்துவிட்டுப் பால் பல்லை இறக்கு என்று ஆணை போட்டிருந்தார். எத்தனையாவது நிமிஷத்துக்கு மேல் என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டார். காலியாக விட்டால் எந்த நிமிஷமும் சரி என்று அர்த்தம்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஃபைனல் மேட்சுல எவளாவது கோல்கீப்பரை மாத்துவாளா?"

"சீசன் பூரா அந்தப் புள்ள பெஞ்சுல உக்காந்திருக்குங்க. ஒரு தடவைகூடக் கிரவுண்டுல கால் வைக்கல. கடைசி அஞ்சு நிமிஷம் நிக்கட்டுமேன்னு பாத்தேன். ரெண்டு கோல் கைல இருக்கும்போது அஞ்சு நிமிஷத்துல என்ன ஆயிடப் போகுதுன்னு..."

பாசம் வைக்காதே என்று எனக்குப் பாடம் எடுத்தவர் பேசுகிற பேச்சா இது! எனக்கு ஒரு பக்கம் ஆத்திரம், ஒரு பக்கம் அடக்க முடியாத சிரிப்பு. இரண்டும் சேர்ந்து விக்கல் எடுத்துவிட்டது.

பால் பல் களம் கண்ட அழகைக் கேளுங்கள். முதலில் வந்த பந்தைப் பிடிக்கிறேன் என்று பாய்ந்து, சொத்தைப்பல்லோடு மோதி, இருவரும் விழுந்தார்கள். பந்து உருண்டுபோய்த் தானாகவே கோலுக்குள் நுழைந்தது. "அந்தோ!" என்றது வர்ணனை. இடைவேளைக்குப் பிறகு தூரத்திலிருந்து ஒரு சாதாரண உதை. "பால் பல் பந்தின் திசையைத் தவறாகக் கணித்தார்." வலதுபக்கம் வந்த பந்துக்கு இடதுபக்கம் பாய்ந்திருக்கிறான் பாவி. இரண்டுக்கு இரண்டு.

அண்ணி அவனைத் திட்டவே இல்லை. "பரவால்லடா. பதறாத. மூச்சு விடு," என்று திரையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பாலிஷ்காரர் நிஜமாகவே மூச்சை இழுத்து விட்டார். ஒரே ஒரு கோல் போட்டால் போதும், முதலிடம். சிங்கப்பல் ஒருமுறை கம்பத்தில் அடித்தான். எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

முடிவதற்குக் கொஞ்ச நேரமே இருக்கும்போது சொத்தைப்பல் தன் குணத்தைக் காட்டினான். நம் கோல் எல்லைக்குள்ளேயே எதிராளியின் காலை இடறிவிட்டான். "நடுவர் பெனால்டி புள்ளியைச் சுட்டிக் காட்டுகிறார்!"

கோலுக்கு முன்னால் பால் பல் தனியாக நிற்கிறான். எதிரே சம்பந்தியின் நட்சத்திர வீரன். அண்ணன் நாற்காலியின் பின்பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். அடுத்த வரி வரப்போகிற அந்த நொடியில், கைபேசி மணி அடித்தது. திரை முழுக்கச் சம்பந்தியின் முகம்! அவர் கடை வாசலில் எடுத்த படம், பல்லெல்லாம் தெரிய.

ஆட்ட நேரத்தில் யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது என்று சத்தியம் பண்ணியவர் அவர்தான்.

"கட் பண்ணுங்க அண்ணி, கட் பண்ணுங்க!" என்று கத்தினேன். அண்ணி பதற்றத்தில் சுண்டுவிரலால் குத்தினார். அழைப்பு துண்டிக்கப்படவில்லை, ஒலிபெருக்கியோடு இணைந்துவிட்டது.

"சம்பந்தி," என்று ஈனசுரத்தில் ஒரு குரல். "எனக்குப் பாக்கப் பயமா இருக்கு சம்பந்தி. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். நீங்க பாத்துச் சொல்லுங்க."

"எனக்கு மட்டும் பயம் இல்லையா?"

"உங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி. சொல்லுங்க. கடையில ஆள் நிக்கறாங்க, நான் கண்ணை மூடிக்கிட்டு நிக்கறதப் பாத்து அவங்க பயப்படறாங்க."

அண்ணி அவர் முகத்தைத் திரையிலிருந்து தள்ளிவிட்டு, வர்ணனையை வரவழைத்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"பருந்துப்பார்வையின் வீரர் ஓடி வருகிறார்... உதைக்கிறார்... பால் பல் பாய்ந்து... பாய்ந்து..."

"பாய்ஞ்சு?" என்றது தொலைபேசி.

"தடுத்து நிறுத்தினார்!"

அதற்கப்புறம் நடந்ததை எழுதினால் என்னைப் பைத்தியம் என்பீர்கள். அண்ணி வீல் என்று கத்தினார். கையில் இருந்த மெழுகுக் கத்தி எங்கேயோ பறந்தது. "என் ராசா! என் தங்கம்! புடிச்சுட்டாண்டி, புடிச்சுட்டான்!" நாத்தனாரான என்னை 'டி' போட்டுப் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நானும் மாற்றி அவரை வாடி போடி என்று கூப்பிட்டிருக்கிறேன் போலிருக்கிறது, அண்ணன் பிற்பாடு சொன்னார். அண்ணனும் பாலிஷ்காரரும் கைகோத்துக்கொண்டு சுற்றினார்கள். கீழ்த்தளத்திலிருந்து டாக்டர் மேலே ஓடி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "பால் பல்லு டாக்டர்! பால் பல்லு!" என்றார் பாலிஷ்காரர். டாக்டர் யாருக்கோ குழந்தை பிறந்து பல் முளைத்துவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, வாழ்த்துச் சொல்லிவிட்டுக் கீழே போனார்.

ஒருவழியாக மூச்சு வாங்கிக்கொண்டு திரையைப் பார்த்தோம். ஆட்டம் முடிந்திருந்தது. நாங்கள் குதித்துக்கொண்டிருந்தபோதே நடுவர் விசில் ஊதிவிட்டிருக்கிறார். இரண்டுக்கு இரண்டு. சமன்.

தொலைபேசி இன்னும் இணைப்பில்தான் இருந்தது. அப்புறம், ஏதோ இழவுச் செய்தி கேட்ட குரலில், "போச்சு சம்பந்தி. பெனால்டியைப் போய் விட்டுட்டான் படுபாவி," என்றார் சம்பந்தி.

"விடுங்க சம்பந்தி," என்றார் அண்ணி, இன்னும் மூச்சு வாங்கியபடி. "மேட்ச் சமன். நீங்கதான் முதல்."

"நானா?"

"நீங்கதான். பட்டியலைப் பாருங்க. கண்ணைத் தொறந்து பாருங்க."

"அட ஆமா," என்றார். சந்தோஷம் இருக்க வேண்டிய குரலில் அது துளியும் இல்லை. "அப்போ நான் மேல்பிரிவுக்குப் போயிடுவேன். நீங்கெல்லாம் இங்கயே இருப்பீங்க. அங்க எனக்கு யாரைத் தெரியும்?"

"நீங்க முன்னாடி போய் இடம் புடிச்சு வைங்க. நாங்க பின்னாலயே வர்றோம்," என்றார் அண்ணி. சம்பந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சரி என்றார்.

இணைப்பைத் துண்டித்துவிட்டு அண்ணி பட்டியலைத் திறந்தார். முதல் வரியில் பருந்துப்பார்வை யுனைடெட். இரண்டாவது வரியில் கடைவாய் எஃப்.சி. "மறுபடியும் ரெண்டாவது!" என்று சிரிக்க ஆரம்பித்தார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவரின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அது கொஞ்ச நேரத்துக்குச் சிரிப்புத் தண்ணீராகவே இருந்தது. அப்புறம் இல்லை. அண்ணன் பக்கத்தில் வந்து அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றார். எனக்கு அந்தக் கணினியின் மீது வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

"அந்தப் பொடியனை வித்துடலாம் அண்ணி," என்றேன். "அவனாலதான் எல்லாம்."

"நல்லா சொன்ன போ. பாவம், அவனுக்கு என்ன தெரியும்? நான் இறக்கினேன், அவன் நின்னான்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்னத்தில் வெள்ளையாகப் பிளாஸ்டர் கோடு விழுந்தது. "பெனால்டி புடிச்சிருக்கான்மா. முதல் மேட்சு. யாரு புடிப்பா?"

எழுந்து போய்க் கையை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பால் பல்லின் பக்கத்தைத் திறந்தார். பெயர், வயது, உயரம், அதற்குக் கீழே சட்டை எண். முப்பத்தொன்பது என்று இருந்தது. அந்தப் பக்கத்தை அப்படியே விட்டு, தங்கப்பல்லின் பக்கத்துக்குப் போய், முதல் கோல்கீப்பருக்கென்று கொடுக்கிற அவன் சட்டை எண்ணை எடுத்துவிட்டார். திரும்பி வந்து முப்பத்தொன்பதை அழித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் ஒன்று என்று போட்டார்.